இரண்டு கட்டைவிரல்களும் ஒரு கழித்தல் கணக்கும்

தொலைக்காட்சியில் இரண்டு விமர்சகர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புதுப்படத்தைப் பற்றி வாதாடுகிறார்கள். இருவரும் "நல்ல படம்" என்று சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அடித்துக்கொண்டால் யார் பக்கம் போவது? அந்தச் சண்டையே நிஜம்தானா? ஒரு வாசகர் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தார்.

மூன்றாவது கேள்விக்கு ஒருவர் மனதுக்குள் புகுந்து பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஆனால் மூன்றுக்குமே எண்களை வைத்து நிறையச் சொல்லலாம். இந்த வகை நிகழ்ச்சிக்குப் பெயர் வாங்கித் தந்த இருவரின் தீர்ப்புகளை இரண்டு புள்ளியியலாளர்கள் பொறுமையாக எண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் அது ஒன்று. அதைச் சொல்ல இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில் மகிழ்ச்சி.

அந்த இருவர் ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒருவர் டிரிபியூன் நாளிதழிலும், மற்றவர் அதற்குப் போட்டியான சன்-டைம்ஸ் நாளிதழிலும் திரை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1975-இல் அந்த நகரத்தின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இருவரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்தது. அதே ஆண்டில்தான் ஈபர்ட்டுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. திரை விமர்சனத்துக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள் அவர். நிகழ்ச்சியின் பெயரும் தயாரிப்பாளர்களும் பல தடவை மாறினாலும் 1999-இல் சிஸ்கல் இறக்கும்வரை இந்த ஜோடி மாறவில்லை. கட்டைவிரலை மேலே காட்டினால் பார்க்கலாம், கீழே காட்டினால் வேண்டாம். இரண்டு விரலும் மேலே போன படங்கள் அதைத் தங்கள் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டன.

சரி, கணக்குக்கு வருவோம். 1995 ஏப்ரல் முதல் 1996 செப்டம்பர் வரை வந்த படங்களில் இருவருமே தீர்ப்புச் சொன்ன 160 படங்களை ஆலன் அக்ரெஸ்டி, லாரி வின்னர் என்ற இரு புள்ளியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு விமர்சனத்தையும் 'நல்லது', 'கலவை', 'வேண்டாம்' என்று மூன்றில் ஒன்றாகப் பிரித்த பட்டியல் அவர்களிடம் இருந்தது. 1997-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

160-இல் 64 படங்களை இருவரும் நல்லது என்றார்கள். 24 படங்களை இருவரும் வேண்டாம் என்றார்கள். 13 படங்களில் இருவருக்குமே அரை மனது. கூட்டினால் 101 படங்களில் ஒரே தீர்ப்பு. நூற்றுக்கு 63. சண்டைக்குப் பேர்போனவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஒத்துப்போயிருக்கிறார்கள்.

இந்த 63 அதிகமா, குறைவா? பெரும்பாலானவர்கள் உடனே "அதிகம்தான்" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அங்கே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது.

இரண்டு டப்பாக்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் டப்பா சிஸ்கலுடையது. அதில் 160 துண்டுச் சீட்டுகள்: 83-இல் 'நல்லது', 32-இல் 'கலவை', 45-இல் 'வேண்டாம்'. அந்தக் காலத்தில் அவர் சொன்ன தீர்ப்புகளின் மொத்தக் கணக்கு இதுதான். ஈபர்ட்டின் டப்பாவில் 88 'நல்லது', 30 'கலவை', 42 'வேண்டாம்'. இப்போது இருவரும் படமே பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டுகிறார்கள். எத்தனை படங்களில் இரண்டு சீட்டும் ஒன்றாக இருக்கும்?

பள்ளியில் படித்த நிகழ்தகவு போதும். சிஸ்கலின் கையில் 'நல்லது' வர வாய்ப்பு 160-இல் 83. ஈபர்ட்டுக்கு 160-இல் 88. இரண்டையும் பெருக்கி, 160 படங்களுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 45.7 வருகிறது. இதே போல 'வேண்டாம்' இரண்டும் சேர்ந்து வருவது 11.8. 'கலவை' 6. மொத்தம் 63.5.

இந்த எண்ணை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். படத்தைப் பார்க்காத இரண்டு பேர், சீட்டுக் குலுக்கியே, 160-இல் 63 அல்லது 64 படங்களில் ஒத்துப்போவார்கள். அந்த ஒற்றுமைக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருவருமே பாதிக்கு மேற்பட்ட படங்களை நல்லது என்று சொல்லும் பழக்கம் உள்ளவர்கள், அதனால் வந்த ஒற்றுமை அது. அப்படியென்றால் 101-ஐ முழுசாக அவர்கள் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. 63.5-ஐக் கழிக்க வேண்டும். மீதி 37.5. இதுதான் படத்தைப் பார்த்ததால் வந்த ஒற்றுமை.

அதிகபட்சம் எவ்வளவு வந்திருக்கலாம்? 160 படங்களிலும் ஒத்துப்போயிருந்தால், 160-இலிருந்து அதே 63.5 போக 96.5. நமக்குக் கிடைத்தது 37.5. வகுத்தால் 0.39.

இந்த எண்ணுக்குக் காப்பா என்று பெயர். கிரேக்க எழுத்து. ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-இல் இதை முன்வைத்தார். எப்போதும் ஒரே தீர்ப்பு என்றால் காப்பா 1. சீட்டுக் குலுக்கலுக்குச் சமம் என்றால் 0. அதைவிட மோசமாக முரண்பட்டால் 0-க்கும் கீழே போகும்.

0.39 என்பதை நான் இப்படிப் படிக்கிறேன். காப்பா 1-ஆக இருந்திருந்தால் அந்த அரங்கில் இரண்டாவது நாற்காலிக்கு வேலையே இல்லை, ஒருவரைக் கேட்டால் போதும். 0-ஆக இருந்திருந்தால் படத்தின் தரம் என்று இருவரும் பேசியது வெறும் காற்று. இரண்டும் இல்லை. இருவர் கண்ணிலும் படுகிற ஏதோ ஒன்று படத்தில் இருக்கிறது. பார்க்கிறவரோடு வந்து பார்க்கிறவரோடு போய்விடுகிற வேறொன்றும் நிறையவே இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நிகழ்ச்சியே நடந்தது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நேருக்கு நேர் மோதல் என்றால் ஒருவர் நல்லது, மற்றவர் வேண்டாம் என்பது. சிஸ்கல் வேண்டாம் என்றும் ஈபர்ட் நல்லது என்றும் சொன்ன படங்கள் 13. திருப்பிப் போட்டால் 10. மொத்தம் 23, அதாவது ஏழு படத்துக்கு ஒன்று. சீட்டுக் குலுக்கி இருந்தால் இப்படிப்பட்ட மோதல் எத்தனை வந்திருக்கும்? 46 அல்லது 47. அவர்கள் முட்டிக்கொண்டது அதில் சரிபாதிதான்! பார்த்தவர்கள் மனதில் நின்றது சண்டை. ஏட்டில் இருப்பதோ, தற்செயலாக நடந்திருக்க வேண்டியதில் பாதிச் சண்டை. இன்னொன்றும் கவனியுங்கள், 13-உம் 10-உம் கிட்டத்தட்ட சமம். ஒருவர் எப்போதும் தாராளம், மற்றவர் எப்போதும் கறார் என்று பாத்திரம் பிரித்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டு எண்ணும் வெகுதூரம் விலகி இருந்திருக்கும். நிகழ்ச்சிக்காகப் போட்ட சண்டையா என்ற கேள்விக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. குரலை உயர்த்தியது நிகழ்ச்சிக்காக இருக்கலாம். தீர்ப்பு அப்படி இல்லை.

காப்பாவுக்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் பாராட்டும் இரண்டு விமர்சகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 100 படங்களில் ஆளுக்கு 90 படங்களை நல்லது என்கிறார்கள், மீதி 10-ஐ வேண்டாம் என்கிறார்கள். 84 படங்களில் ஒத்துப்போகிறார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் சீட்டுக் குலுக்கினாலே 82 வந்துவிடும்: இரண்டும் 'நல்லது' 81, இரண்டும் 'வேண்டாம்' 1. படத்தால் வந்தது 2. வந்திருக்கக்கூடியது 18. காப்பா 0.11. 63 சதவீதம் ஒத்துப்போனவர்களின் பேச்சில் இருக்கும் சரக்கு, 84 சதவீதம் ஒத்துப்போனவர்களிடம் இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் நல்லது என்று சொன்னால்தான் அதற்கு எடை.

ஆனால் இந்தக் கழித்தல் தற்செயலை மட்டுமே நீக்கும். ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் மாறிக்கொண்டால் அதைக் காப்பா கண்டுபிடிக்காது, அதையும் ஒற்றுமை என்றே எண்ணிவிடும். சிஸ்கலும் ஈபர்ட்டும் பதிவுக்கு முன்னால் அந்த வாரப் படங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தவிர்த்தார்கள். மற்றவரின் கருத்தைக் கேமராவுக்கு முன்னால்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நிகழ்ச்சியில் சூடு குறையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருப்பார்கள். புள்ளியியல் கண்ணுக்கு அது தங்கமான ஏற்பாடு. ஆனாலும் இருவரும் ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே தொழில். ஒரே அச்சில் வார்த்த இரண்டு தராசுகள் ஒரே பக்கம் சாயக்கூடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்து மாறுவது எவ்வளவு எளிது என்பதை சாலமன் ஆஷ் 1950-களில் காட்டியது பலருக்குத் தெரிந்திருக்கும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, சுற்றி உட்கார்ந்தவர்களை ஒருமிக்கத் தவறாகச் சொல்ல வைத்தார். அந்தச் சுற்றுகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பதில்கள் கூட்டத்தோடு போயின. கோட்டுக்கே இந்தக் கதி என்றால் படத்துக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதே சோதனையில் கூட்டத்திலிருந்து ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலும் போதும், வளைந்துகொடுப்பது சட்டென்று சரிந்தது. முரண்படும் இரண்டாவது விமர்சகரால் வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் நன்மையும் இதுதான் என்று நினைக்கிறேன். தன் மனதில் பட்டதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வருகிறது.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சினிமா விமர்சனத்தை எண்ணுவதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கும் நிதிக் குழுக்களைப் பற்றியது அது. கோஹன் இந்த அளவுகோலைத் தேடியதே, ஒரே நோயாளியைப் பார்த்த இரண்டு மனநல வல்லுநர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதுபோன்ற கேள்விகளுக்காகத்தான். இன்று ஒரே எக்ஸ்-ரேயைப் படிக்கும் இரண்டு மருத்துவர்கள், ஒரே திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்க்கும் இரண்டு நோய்க்குறியியலாளர்கள் என்று எங்கும் இதே கழித்தல்தான். மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு விமர்சகர்களின் 160 படங்களைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாடப் புத்தகங்களும் அதைத்தான் எடுத்தாள்கின்றன. இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஆகும் செலவும் சொற்பம். அதற்குக்கூடக் கை நீளவில்லை என்றால் வருத்தமாக இருக்கிறது.

ஜாதகம் பார்ப்பவர்களிடமும் இதே கழித்தலைக் கேட்கலாம். "சொன்னது பலித்தது" என்கிறவர்கள், சும்மா சொல்லியிருந்தால் எவ்வளவு பலித்திருக்கும் என்பதைக் கழிப்பதே இல்லை. 1985-இல் ஷான் கார்ல்சன் என்ற இயற்பியலாளர் கழித்துப் பார்த்தார். ஒரு ஜாதகத்தையும் மூன்று ஆளுமைக் குறிப்புகளையும் கொடுத்து, எது இவருடையது என்று மேற்கத்திய ஜோதிடர்களைக் கேட்டார். மூன்றில் ஒரு தடவை சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் எடுத்தாலும் அதேதான் வரும். கழித்த பிறகு மிஞ்சியது ஒன்றுமில்லை.

அப்புறம், யாரை நம்புவது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இரண்டு விமர்சகர்களுக்கு இடையே போட்ட கணக்கை உங்களுக்கும் ஒரு விமர்சகருக்கும் இடையே போட்டுப் பாருங்கள். படம் பார்த்ததும், யார் பேச்சையும் கேட்பதற்கு முன்னால், உங்கள் தீர்ப்பை எழுதி வைத்துவிடுங்கள். பிறகு அவர் சொன்னதைப் பக்கத்தில் எழுதுங்கள். படங்கள் சேரச் சேர, எத்தனையில் ஒத்துப்போனீர்கள், எத்தனையில் மோதினீர்கள் என்ற எண்கள் கிடைக்கும். காப்பா நல்ல உயரத்தில் இருந்தால் அவர் உங்கள் ஆள். 0-க்குப் பக்கத்தில் இருந்தால் அவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் டிக்கெட் எடுப்பதற்கு உதவ மாட்டார். 0-க்கு நன்றாகக் கீழே போனால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் படங்களிலும் உங்களுக்கு வழி கிடைக்கிறது.

எத்தனை படங்கள் வேண்டும்? சிஸ்கல்-ஈபர்ட்டின் 0.39-க்கே, 160 படங்கள் இருந்தும், ஏறக்குறைய 0.12 இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டம் உண்டு. படங்களின் எண்ணிக்கை நாலில் ஒன்றாகக் குறைந்தால் ஆட்டம் இரண்டு மடங்காகும். ஆகவே 40 படங்களோடு நிறுத்தினால் 0.24 வரை தள்ளாடும். பத்துப் படத்தை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம், இரண்டு மூன்று வருஷமாவது எழுதி வாருங்கள்.