சைட் திறக்கிறது, மெயில் எங்கே போகிறது?

"புது வெப்சைட் போட்டதிலிருந்து மெயிலே வரலை சார்." காரைக்குடிப் பக்கம் என்னிடம் அடிக்கடி வரும் புகார் இது. சைட் திறக்கிறதே, அப்புறம் டொமைனில், அதாவது சைட்டின் இணையப் பெயரில், என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்குமே, அந்த மாதிரிதான் டொமைனும். வெப்சைட்டுக்கு வழி காட்டுவது ஏ ரெக்கார்டு, மெயிலுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு.

உங்களுக்கு ஒருவர் மெயில் அனுப்பினால், அவருடைய மெயில் சர்வர் உங்கள் டொமைனுக்கு எம்எக்ஸ் எது என்று டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன்களுக்கு வழி சொல்லும் இணைய முகவரிப் புத்தகத்தில், கேட்கும். ஒரு சர்வர் பெயரும் கூடவே ஒரு எண்ணும் பதிலாக வரும். சிறிய எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. 10, 20 என்று இரண்டு இருந்தால் 10 எடுக்காதபோதுதான் 20. எம்எக்ஸே இல்லையென்றால் ஏ ரெக்கார்டு காட்டும் இடத்துக்கே மெயில் போய் நிற்கும்.

கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்தும் ஒருவருக்கு மெயில் கூகுளில் இருந்தது. சைட் செய்து கொடுத்த பையன் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றியிருந்தால் போதும், இந்த ரெக்கார்டுகளையெல்லாம் வைத்திருக்கும் நேம்சர்வரையே, சைட் இருக்கும் புது ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றிவிட்டான். நேம்சர்வர் மாறினால் பழைய இடத்தில் எழுதி வைத்திருந்த எம்எக்ஸும், மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகளும் கூடவே வராது. புது ஹோஸ்டிங் தன்னையே எம்எக்ஸாகப் போட்டுக்கொண்டது; அங்கே அவர் பெயரில் மெயில் பெட்டி கிடையாது, அதனால் அறை கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் மெயில் திரும்பிப் போயிருக்கிறது.

எம்எக்ஸைச் சரிசெய்ததும் வெளி மெயில்கள் வரத் தொடங்கின. ஆனால் அவருடைய சைட்டிலேயே இருக்கும் விசாரணைப் படிவத்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. இதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ஈமெயில் ரூட்டிங்' என்று ஒரு அமைப்பு உண்டு, அது 'லோக்கல்' என்று இருந்தால் அந்த சர்வர் வெளியே எம்எக்ஸ் எதையும் கேட்காது, நம்ம டொமைன்தானே என்று தனக்குள்ளேயே பெட்டியைத் தேடும். 'ரிமோட்' என்று மாற்றினோம், சரியாகிவிட்டது. மற்ற மெயிலெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சீசனைத்தான் திட்டுவார்கள்.

ஆத்தங்குடிக் கல் விற்பவரோ பலகாரம் அனுப்புபவரோ, சைட்டை மாற்றும் முன் டிஎன்எஸ் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெயிலையே வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதாக இருந்தால், எம்எக்ஸின் டிடிஎல் (அந்தப் பதிலை எத்தனை வினாடி ஞாபகம் வைக்கலாம் என்ற எண்) 86400 என்று இருக்கிறதா பாருங்கள்; ஒரு நாள் முழுக்கப் பழைய வழியையே மற்ற சர்வர்கள் ஞாபகம் வைத்திருக்கலாம் என்று பொருள். ஓரிரு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட்டு மாற்றுங்கள், பழைய பெட்டியை உடனே மூடாதீர்கள்.

டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு சைட் செய்தவரிடம் மட்டும் இருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். அந்தக் கணக்கில் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், அப்புறம் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடைசி அறிவிப்பு உங்களுக்கு வந்தே சேராது.