அப்பாவின் உளவாளியை இனி யார் எழுதுவது?

ராமநாதபுரம் நீதிமன்றத்தில் எனக்கு வருபவை பெரும்பாலும் நிலம், படகு, பாகப்பிரிவினை வழக்குகள். கதைப் புத்தகத்துக்காக யாராவது வருவது அபூர்வம். அப்படி வரும்போது அண்ணன் தங்கைக்குள் பேச்சே நின்றுபோயிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாம்பன் பக்கத்துக் குடும்பம் ஒன்று. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா மாத நாவல் காலத்து எழுத்தாளர். மண்டபம், தனுஷ்கோடி, தலைமன்னார் என்று சுற்றிவரும் ஓர் உளவாளியை வைத்துத் தொடராக எழுதியவர். அவர் காலமான பிறகு, அந்தக் கதைகளைப் படித்தே வளர்ந்த இளைஞர் ஒருவர் அதே நாயகனை வைத்துப் புது நாவல் எழுதினார். மூத்த மகனிடம் போனில் அனுமதி கேட்டார். அவரும் சந்தோஷமாகச் சரி என்றார். அட்டை அச்சாகிவிட்ட நேரத்தில், தொண்டியில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. "என்னை யாருமே கேட்கலையே" என்றார் அவர். நியாயமான வருத்தம்.

வல்லத்துக்கும் வலைக்கும் பங்கு பேசுகிற வீடுகளில்கூட எழுத்தை யாரும் சொத்தாக நினைப்பதில்லை. ஆனால் அது சொத்துதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை இருக்கும். உயில் இல்லையென்றால் வாரிசுகள் எல்லோருக்கும் போகும். நம் கரையில் மூன்று மதத்தவரும் வாழ்கிறார்கள். பங்குக் கணக்கு மதத்துக்கு மதம் மாறும், ஆனால் எந்தக் கணக்கிலும் மகளை விட்டுவிட முடியாது. ஆகவே ஒரு வாரிசு வாயால் சொன்ன சரி போதாது. எல்லோரும் எழுத்தில் தர வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கடலோரத்தில் வேவு பார்க்கும் ஒருவன் என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. அதே பெயர், அதே கூட்டாளிகள், அதே பழைய சம்பவங்கள் என்று எடுக்கும்போதுதான் சிக்கல். அந்தக் குடும்பம் கடைசியில் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. புத்தகமும் வந்தது.

இந்த விஷயத்தில், ஜேம்ஸ் பாண்ட் என்ற உளவாளியைப் படைத்த இயான் ஃபிளெமிங்கை நான் மெச்சுகிறேன். ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவல் 1953-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே க்ளிட்ரோஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, உரிமையை அதனிடம் வைத்துவிட்டார். அதனால் அவர் இறந்தபோது யாரிடம் அனுமதி கேட்பது என்ற குழப்பமே வரவில்லை. 1968-இல் கிங்ஸ்லி அமிஸ் புனைபெயரில் ஒரு பாண்ட் நாவல் எழுதினார். 1981 முதல் ஜான் கார்ட்னர், ஃபிளெமிங்கைவிடவும் அதிக நாவல்கள் எழுதினார். அப்புறம் ரேமண்ட் பென்சன், ஆந்தனி ஹோரோவிட்ஸ் என்று வரிசை நீண்டது.

ஸ்வீடனில் ஸ்டீக் லார்சன் என்ற நாவலாசிரியர் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. தன் முதல் நாவல் வெளிவருமுன்பே 2004-இல் இறந்தார். 1977-இல் எழுதிய உயில் ஒன்று இருந்தது, ஆனால் சாட்சிக் கையெழுத்து இல்லாததால் செல்லவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கூட வாழ்ந்த துணைவிக்குத் திருமணம் ஆகவில்லை என்பதால் எதுவும் வரவில்லை. உரிமை தந்தைக்கும் தம்பிக்கும் போனது. 2015-இல் அவருடைய நாவல் தொடருக்கு வேறொருவர் நான்காம் பாகம் எழுதியபோது அந்த அம்மாள் வெளிப்படையாகவே எதிர்த்தார். சட்டப்படி அவரால் தடுக்க முடியவில்லை.

பாண்டைத் தனுஷ்கோடிக்கு வரவைத்து எழுதலாமா என்று ராமேஸ்வரத்து மாணவர் ஒருவர் கேட்டார். ஃபிளெமிங் இறந்தது, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964-இல். அவர் இருந்தபோது வெளியான புத்தகங்களுக்கு இந்தியாவில் பதிப்புரிமை 2024 டிசம்பருடன் முடிந்துவிட்டது. இறந்தபின் 1965-இல் வந்த நாவலுக்குக் கணக்கு வேறு, 2025 முடியும் வரை. பிரிட்டனில் 70 ஆண்டுகள் என்பதால் அங்கே 2034 வரை உண்டு. பிறர் எழுதிய தொடர்ச்சிகளும் திரைப்படங்களும் இதில் சேராது. பெயருக்கு வணிகக்குறி உரிமை தனி. அதனால் இங்கே எழுதலாம், ஆனால் அட்டையில் பெயரைப் போட்டு விற்குமுன், அதுவும் வெளிநாட்டுக்கு மின்நூலாக விற்குமுன், ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

எழுதுகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம் கையெழுத்துப் போடட்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பலம். முஸ்லிம் குடும்பங்களில் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உங்கள் நாயகனை வேறொருவர் தொடரலாமா, கூடாதா, யார் முடிவெடுப்பது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அச்சாகாத கையெழுத்துப் பிரதிகளைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பிரதியை ஒருவருக்கு எழுதிவைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதன் பதிப்புரிமையும் அவருக்கே போய்விடும்.