அளந்து பார்க்காமல் பிளாக்கை மாற்றாதீர்கள்

பிளாக் என்பது எஞ்சினின் சிலிண்டர்களைத் தாங்கும் வார்ப்பிரும்பு உடல். அதை அவசரப்பட்டு மாற்றிய கதை இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் இளைஞர். அப்புச்சி ஓட்டிய அம்பாசிடர் மார்க் 2 புகை தள்ளுகிறது என்று எஞ்சினை இறக்கியிருக்கிறார். மெக்கானிக் "பிளாக் போய்விட்டது" என்று சொன்னதும், வெளிமாநிலத்தில் ஒருவரிடம் தொலைபேசியிலேயே விலை பேசி, "புது பிளாக்" ஒன்றை லாரியில் வரவழைத்து நேராக என் கடைசல் பட்டறை வாசலில் இறக்கினார். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. முதல் சிலிண்டருக்குள் அதன் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை விட்டேன். 73.025 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 74.55 காட்டியது. மற்ற மூன்றும் அதே கதை. தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைவதுதான் போர் செய்வது. கடைசி அளவான அறுபது ஓவர்சைஸ் வரை அப்படிக் கடைந்து முடித்த, இனி பெரிய பிஸ்டனுக்கு வெட்ட வழியில்லாத கிழட்டு பிளாக் அது. எஞ்சின் எண் இருந்த இடத்தை கிரைண்டர் வைத்துத் தேய்த்து, அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"உங்கள் பழைய பிளாக் எங்கே தம்பி?" என்றேன். "இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது அண்ணா. இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம்" என்றார்.

கோபம் வந்தது. அவர்மேல் மட்டுமல்ல, அளவு எடுக்காமலே தீர்ப்புச் சொன்ன மெக்கானிக்மேலும்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பிரீமியர் பத்மினி 2000-ஐ ஒட்டி முடிந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் முந்தைய காலம். தொழிற்சாலையே இல்லாத வண்டிக்குப் புது பிளாக் எங்கிருந்து வரும்? எங்கோ ஒரு பழைய டீலரின் கிடங்கில் விற்காமல் கிடந்தது கிடைக்கலாம், அபூர்வம். யாராவது நகலாக வார்த்ததாக இருக்கலாம். மற்றபடி உங்களிடம் வருவது, யாரோ கழித்துப் போட்டதைக் கழுவி பெயின்ட் அடித்த சரக்கு.

அமெரிக்க யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தனி ரகம். அங்கே செவ்ரோலெட்டும் ஃபோர்டும் தங்கள் பழைய வி8 எஞ்சின்களுக்கு ஏற்ற பிளாக்குகளை இன்றைக்கும் புதிதாக வார்த்து விற்கின்றன. அவர்களுக்கு "புதுசா, பழுதுபார்த்ததா" என்பது உண்மையான கேள்வி. அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் தூங்கும் ஹெரால்டை எழுப்பலாம் என்று கிளம்பும் நமக்குக் கேள்வியே வேறு. இருக்கிற பிளாக்கைக் காப்பாற்ற முடியுமா, முடியாதா?

பெரும்பாலும் முடியும். அதை நம்பத்தான் ஆள் இல்லை. "அறுபது வருட இரும்பு அண்ணா, களைத்துப் போயிருக்கும்" என்கிறார்கள். வார்ப்படத்தில் பிழைக்கிற கோயம்புத்தூரில் நின்றுகொண்டு இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதுதான் என் வேதனை. பிளாக் வெறும் வார்ப்பிரும்பு. வயதானதால் மட்டும் அது வலுவிழப்பதில்லை. சொல்லப்போனால், புதிதாக வார்த்த இரும்புக்குள்தான் குளிரும்போது உண்டான இழுவிசை தங்கியிருக்கும். கடைசல் முடிந்த பிறகும் அது சிறிது வளையக்கூடும். அந்தக் காலத்தில் லேத் பெட்டுகளை வார்த்ததும் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, அதன்பிறகே கடைந்தது அதற்காகத்தான். உங்கள் அப்புச்சியின் பிளாக் பல்லாயிரம் தடவை சூடேறிக் குளிர்ந்து, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து அடங்கிய இரும்பு. அதை ஒருமுறை சரியாகக் கடைந்தால் அளவு அப்படியே நிற்கும். பிளாக்கைக் கெடுப்பது வயது அல்ல. தேய்மானம், விரிசல், துரு, அரைகுறைக் கைவேலை, இந்த நான்கும்தான். தேய்மானத்துக்கு மருந்து பெரும்பாலும் உண்டு.

சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு படி தட்டும். பிஸ்டனின் மேல் ரிங் திரும்பும் இடம் அது. தேய்மானம் அங்கேதான் அதிகம். அந்தப் படியைத் தொட்டுவிட்டு "போச்சு" என்று சொல்வது வேலை அல்ல. மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று சிலிண்டருக்கு ஆறு அளவு எடுக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கு இருபத்து நான்கு எண்கள். அதைத் தாளில் எழுதித் தராதவர் பிளாக்கைப் பார்க்கவில்லை, பெயின்டைப் பார்த்தார். தேய்மானம் 0.15 மி.மீ.-ஐத் தாண்டினால் போர் செய்யலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, நாற்பது, அறுபது என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. அறுபதும் முடிந்துவிட்டதா? நல்ல வார்ப்பிரும்பு ஸ்லீவ் (மெல்லிய உருளைக் குழாய்) இறக்கி, திரும்ப ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவரலாம். அந்தப் பச்சை பிளாக்குக்கும் இப்போது அதுதான் கதி, சுவர் தாங்கினால்.

சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களிடம் வேறு குழப்பம். "லைனர் செட்டை மாற்றினால் வேலை முடிந்தது" என்பார்கள். உருவி மாற்றக்கூடிய சிலிண்டர் குழாயான லைனர் போட்ட லாரி எஞ்சினுக்கு அது சரி. அம்பாசிடர், ஹெரால்டு பெட்ரோல் எஞ்சின்களில் சிலிண்டரைப் பிளாக்கிலேயே நேராகக் கடைந்திருக்கிறார்கள். உருவி மாற்ற அங்கே லைனரே கிடையாது. ஸ்டாண்டர்டு வான்கார்டில் தண்ணீரைத் தொடும் லைனர் உண்டு, அதை வைத்து ஹெரால்டைக் கணக்குப் போடாதீர்கள். ஸ்லீவ் இறக்குவது கடைசல் வேலை, சுத்தியல் வேலை அல்ல.

கைவிட வேண்டிய பிளாக்கும் இருக்கிறது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் குறுக்குச் சுவரில் விரிசல் ஓடியிருந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து பக்கச் சுவரைப் பிய்த்திருந்தாலும் பெரும்பாலும் அப்படியே. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் வெளிச்சுவரில் மட்டும் விரிசல் என்றால் திருகு ஊசிகளை வரிசையாக இறக்கிக் குளிர்நிலையிலேயே தைக்கலாம், பல ஆண்டுகள் ஓடும். தயவுசெய்து ரோட்டோர வெல்டிங் பட்டறைக்கு மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். ஆர்க் வெல்டிங் பட்ட இடத்தை ஒட்டி வார்ப்பிரும்பு கண்ணாடிபோல் இறுகி, அதன் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும். பிறகு எவராலும் தைக்க முடியாது.

"நம் ஊர் ஃபவுண்டரியிலேயே புதிதாக வார்த்துக்கொள்ளலாமே?" என்றும் கேட்கிறார்கள். பம்ப் உடலும் மாவு கிரைண்டர் பாகமும் வார்ப்பது போலல்ல இது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி முழுவதும் மணல் கோர்களால், அதாவது உள்ளே வெற்றிடம் விடுவதற்கான மணல் உருக்களால், உருவாக வேண்டும். கோர் சற்று நகர்ந்தால் ஒரு பக்கச் சுவர் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். போர் செய்யும்போதுதான் தெரியவரும். முடியாது என்று சொல்லவில்லை. ஒரே ஒரு பிளாக்குக்காக அச்சுக்கான மாதிரியான பேட்டர்னும் கோர்ப் பெட்டிகளும் செய்கிற செலவில் உங்கள் பழைய பிளாக்குக்கு ஸ்லீவ் இறக்கி, கிராங்க்கையும் கிரைண்டிங் செய்து மிச்சம் பிடிக்கலாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் எண் பிளாக்கோடு போகிறது. எஞ்சின் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும். எண்ணைத் தேய்த்த பிளாக்கை அங்கே என்ன சொல்லிக் காட்டுவீர்கள்? அது திருட்டு வண்டியுடையது இல்லை என்று யார் சொல்வது? 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளும், 50 ஆண்டு கடந்த வண்டி எஞ்சினில் மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. மார்க் 2 வைத்திருப்பவர் அந்தப் பதிவுக்குப் போக நினைத்தால், சொந்த பிளாக்தான் சொத்து.

வேறு வழியே இல்லாமல் பிளாக் வாங்குகிறீர்களா? பெயின்ட் அடிக்காததாகக் கேளுங்கள். எண் தெளிவாகத் தெரிய வேண்டும். பணம் கொடுக்கும் முன் அளவுத் தாளையும், ஜாக்கெட்டை அடைத்துச் சுடுதண்ணீரில் காற்றழுத்தம் வைத்துச் சோதித்த முடிவையும் வாங்குங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். மெயின் பேரிங் கேப்கள் அதே பிளாக்குடையவைதானா என்று பாருங்கள். அவை பிளாக்கோடு சேர்த்துக் கடைந்தவை, வேறொன்றின் கேப்பை மாட்டினால் கிராங்க் இறுகும். பிஸ்டனை என் கையில் தராமல் "நாற்பதுக்கு போர் செய்து வையுங்கள்" என்று சொல்லாதீர்கள். பெட்டியில் எழுதியிருப்பதற்கல்ல, பிஸ்டனை அளந்துதான் வெட்டுவேன். ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) முடிந்து எடுத்துப் போன பிளாக்கை டீசலில் துடைத்துவிட்டு எஞ்சினைப் பூட்டிவிடாதீர்கள். சோப்புச் சுடுநீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை மறுபடி கழுவி, உடனே எண்ணெய் பூசுங்கள். மிஞ்சிய கல்தூள் புது ரிங்குகளை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே தின்றுவிடும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் வழியின் துளைகளை மூடியிருக்கும் கோர் பிளக்குகளைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். திருப்பூர், அவினாசிப் பக்கத்திலிருந்து வரும் பிளாக்குகளில் கடைசி சிலிண்டருக்குப் பின்னால் சுண்ணாம்பும் துருவும் கலந்து விரல் தடிமனுக்கு இறுகிக் கிடக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓடு ஓடாகப் பெயரும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியதன் பலன். சுண்ணாம்பு மூடிய இடத்தில் சூடு இறங்காது, சிலிண்டர் அங்கேதான் விரியும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கிறது. கூலண்டோடு கலந்து அதையே ஊற்றுங்கள்.