ஸ்பின்லாக்: பூட்டுனவனே மாட்டிக்கிற பூட்டு

ஸ்பின்லாக்னு ஒரு வார்த்தை. லினக்ஸ் கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, பக்கம் எட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், பரிட்சையில 'சுழல் பூட்டு'ன்னு எழுதுனா மார்க்கும் வரும். ஆனா இன்டரப்ட் (ஓடுற வேலைய நடுவுல நிறுத்தி பிராசசரக் கூப்புடுறது) வர்ற எடத்துல இது இன்னா பண்ணும்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பாங்க, ஏன்னா 'பூட்டு'ன்ற பேரே கொஞ்சம் ஏமாத்துது. பூட்டியாச்சு, இனிமே எவனும் உள்ள வரமாட்டான்னு நெனச்சிக்கிறோம். வெளியாள் வரமாட்டான், சரி. பூட்டுனவனே பாதியில திரும்பி வந்து அதே கதவத் தட்டுனா?

மொதல்ல பூட்டு. இங்கிலீஷ் 'லாக்' பழைய காலத்துல தாழ்ப்பாள், அடைப்புன்ற அர்த்தத்துல இருந்து வந்தது. நம்ம 'பூட்டு' வேற வழியில வந்துச்சு. 'பூண்'னா அணியறது, அதுல இருந்து வந்தது பூட்டு. மாட்ட ஏர்ல பூட்டுறது, வண்டி பூட்டுறது, வில்லுல நாண் பூட்டுறது எல்லாம் இதுதான். அதாவது அடைக்கிறத விட சேத்துக் கட்டுறதுன்ற அர்த்தம் உள்ள இருக்கு, கெர்னலுக்கு இதுதான் எனக்குப் பொருத்தமா படுது, ஏன்னா ஸ்பின்லாக் எதையும் அடைக்கிறதே இல்ல. மெமரியில ஒரு நம்பர், அவ்ளோதான். 'இந்த டேட்டாவத் தொடணும்னா மொதல்ல இந்த நம்பரப் புடி'ன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு கட்டு. ஒருத்தன் ஒத்துக்காம நேரா போய் டேட்டாவத் தொட்டா எந்தப் பூட்டும் தடுக்காது. (எங்க ஏரியாவுல 'பூட்டான்'னா 'போயிட்டான்'னும் அர்த்தம், அதனால 'லாக்க பூட்டுனானா, லாக் பூட்ச்சா'ன்னு பேச ஆரம்பிச்சா வியாசர்பாடிக்கு வெளிய யாருக்கும் புரியாது.)

ஸ்பின்றது சுத்துறது. பூட்டு காலியா இல்லன்னா பிராசசர் தூங்கப் போவாது, 'காலியா, காலியா'ன்னு ஒரே லூப்ல சுத்தும். சாவி சுத்தல, பூட்டும் சுத்தல, காத்துக்கிட்டு இருக்கிற பிராசசர்தான் சுத்துது. அதனால 'சுழல் பூட்டு'ன்னா சுழலுற பூட்டுன்னு படிக்கத் தோணுது, அது தப்பு. 'சுற்றிக்காக்கும் பூட்டு'ன்னா நேரா இருக்கும், ஆனா நீளம். நான் சுழல் பூட்டுன்னே எழுதிட்டு, மொத தபா வர்ற எடத்துல யாரு சுழலுறான்னு ஒரு வரி சேத்துடுவேன்.

அடுத்தது டேட்டா ரேஸ், பூட்டு போடுறதே இதத் தடுக்கத்தான். 'ரேஸ்' பழைய நார்ஸ் மொழியில ஓட்டம். கம்ப்யூட்டருக்குள்ள இத இழுத்துட்டு வந்தது மின்சுற்று ஆளுங்க. டேவிட் ஹஃப்மன், ஃபைல சுருக்குற ஹஃப்மன் கோடிங் ஆளுதான், அவரோட 1954 ஆய்வேட்டுலயே 'ரேஸ் கண்டிஷன்'ன்ற சொல் இருக்கு. ரெண்டு சிக்னல் ஓடுது, எது முந்துதுன்றதப் பொறுத்து விடை மாறுது, அதான் விஷயம். தமிழ்ல 'தரவுப் பந்தயம்'னு சிலர் போடுறாங்க, மெட்ராஸ்ல பந்தயம்னா கட்டுறது, காசு. 'தரவு மோதல்'னா என்னமோ டமால்னு சத்தம் வரும்னு நெனப்போம், ஆனா இதுல சத்தமே வராது, அதுதான் பேஜாரு. எனக்கு 'தரவு முந்தல்' புடிக்குது. யாரு முந்துறான்னு தெரியாத நெலம.

எப்டி நடக்கும்னா, நெட்வொர்க் கார்டுக்கு வந்த பாக்கெட்ட எண்ணுற ஒரு கவுன்ட்டர்னு வெச்சிக்கோ, அதுல 41 இருக்கு. 'ஒண்ணு கூட்டு'ன்னு ஒரே வரியா எழுதுறோம், ஆனா ஏஆர்எம் மாதிரி சிப்புல அது மூணு வேலை: எடுத்துட்டு வா, கூட்டு, கொண்டு போய் வை. எடுத்துட்டு வந்தாச்சு, கையில 41. அந்த நேரம் பாத்து கார்டு இன்டரப்ட் குடுக்குது, அதக் கவனிக்கிற கோடு, அதாவது ஹேண்ட்லர், ஓடுது, அதுவும் 41 எடுத்து 42 ஆக்கி வெச்சிட்டுப் போவுது. நம்ம ஆளு விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சு, கையில இருந்த பழைய 41ல ஒண்ணு கூட்டி அவனும் 42 வெக்கிறான். வந்தது ரெண்டு, ஏறுனது ஒண்ணு. எர்ரரும் இல்ல, பதிவு ஃபைல்ல ஒரு வரியும் இல்ல. சி மொழியோட 2011 ஸ்டாண்டர்ட் இதுக்கு இலக்கணமே எழுதி வெச்சிருக்கு: ரெண்டு த்ரெட் (தனித்தனியா ஓடுற வேலை) ஒரே மெமரி எடத்தத் தொடுது, ஒருத்தனாவது எழுதுறான், ஒருத்தனாவது அட்டாமிக்கா, அதாவது நடுவுல உடையாத ஒரே வேலையா, தொடல, யாரு முன்ன யாரு பின்னன்னு முறையும் இல்லன்னா அது டேட்டா ரேஸ், அப்பால அந்த புரோகிராம் இன்னா பண்ணாலும் கேக்கக்கூடாது. இதுக்கு சி மொழியில இருக்கிற 'வாலட்டைல்'ன்ற சொல்லப் போட்டா சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டே இருக்கு, ஆவாது. கம்பைலர் ஒவ்வொரு தபாவும் மெமரிக்குப் போய்ப் பாக்கும், அவ்ளோதான், மூணு வேலை மூணு வேலையாவேதான் இருக்கும்.

இன்டரப்ட்டுக்கு லத்தீன்ல நடுவுல உடைக்கிறதுன்னு அர்த்தம். தமிழ்ல இடையூறு, இடைமறிப்பு, குறுக்கீடுன்னு மூணு ஓடுது. இடையூறுன்னா தொல்லை, ஆனா இன்டரப்ட் இல்லன்னா கீபோர்டே வேலை செய்யாது. இடைமறிப்பு வழியில நிறுத்திப் புடிக்கிறது. குறுக்கீடுதான் சரி: பேசிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் குறுக்க வர்றான், சொல்லிட்டுப் போறான், நாம விட்ட எடத்துல இருந்து தொடர்றோம்.

இப்போ பூட்டையும் குறுக்கீட்டையும் ஒண்ணா வை. காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அக்கா, ஒரே ஒரு தராசு. தராசுல சங்கரா ஏத்தி எடை பாத்துக்கிட்டு இருக்காங்க. போன் அடிக்குது, ஓட்டல்காரரு. அந்தப் போன எடுத்தா வேல முடியாம வெக்கக்கூடாதுன்னு ரூல். அவரு 'இப்பவே அஞ்சு கிலோ வஞ்சிரம் எடை போட்டு லைன்லயே சொல்லு'ன்றாரு. தராசு காலியானாதான் வஞ்சிரம் ஏத்த முடியும், தராசு காலியாவணும்னா சங்கராவ முடிக்கணும், சங்கராவ முடிக்கணும்னா போன வெக்கணும், போன வெக்கணும்னா வஞ்சிரம் எடை சொல்லணும். அக்கா கெடந்து சுத்துவாங்க. பக்கத்துல இன்னொரு ஆளு அதே தராசுக்குக் காத்திருந்தா பிரச்சினை இல்ல, அக்கா முடிச்சதும் அவரு எடுத்துப்பாரு. மாட்டிக்கிட்டது ஒரே ஆளு ரெண்டு வேஷத்துல வந்ததால.

கெர்னல்லயும் அச்சா இதேதான். த்ரெட் ஸ்பின்லாக்கப் புடிச்சிருக்கு, அதே பிராசசர்ல இன்டரப்ட் வருது, ஹேண்ட்லர் அதே லாக்கக் கேட்டு சுத்த ஆரம்பிக்குது. ஹேண்ட்லர் முடியாம த்ரெட் நகராது, த்ரெட் நகராம லாக் விடாது. அந்த பிராசசர் காலி. 'அண்ணே, லாக் கரெக்டா போட்ருக்கேன், அப்பவும் ஹேங் ஆவுது'ன்னு பசங்க வர்றது பெரும்பாலும் இந்த எடத்துலதான்.

வழி இன்னான்னா, தராசுல கை வெக்கிறதுக்கு முன்னாடியே போன சைலன்ட்ல போட்டுடணும். லினக்ஸ்ல அதுக்குப் பேரு ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ் (ஐஆர்க்யூன்னா இன்டரப்ட் கோரிக்கை). இந்த பிராசசர்ல மட்டும் குறுக்கீட்ட நிறுத்தும், அப்பால லாக் புடிக்கும். இன்டெல் சிப்புல நிறுத்துறதுக்கு 'சிஎல்ஐ', திறக்கிறதுக்கு 'எஸ்டிஐ'ன்னு தனி இன்ஸ்ட்ரக்ஷனே இருக்கு. அந்த 'சேவ்'தான் பேருலயே முக்கியமானது, பசங்க அதத் தாண்டிப் போயிடுறாங்க. சும்மா நிறுத்தித் திறந்தா, நம்மளக் கூப்ட்ட ஃபங்ஷன் ஏற்கெனவே சைலன்ட்ல போட்டு வெச்சிருந்தா, நாம வெளிய வரும்போது அவன் போனயும் திறந்து வுட்டுடுவோம். அதனால முன்னாடி எப்டி இருந்துச்சோ அத எழுதி வெச்சிட்டு, ரெஸ்டோர் பண்ணும்போது அப்டியே திருப்பி வெக்கிறது. இதுக்குத் தமிழ் 'குறுக்கீட்டு நிலை காத்த பூட்டு'ன்னு வெக்கலாம், வாய்ல நுழையலன்னா 'நிலைகாப் பூட்டு'. லினக்ஸ்ல ஹேண்ட்லருக்குள்ள சாதா ஸ்பின்லாக்கே போதும், அங்க குறுக்கீடு ஏற்கெனவே நிறுத்திதான் இருக்கும். மியூட்டெக்ஸ்ன்ற இன்னொரு வகைப் பூட்டு மட்டும் அங்க கூடவே கூடாது, அது காத்திருக்கும்போது தூங்கிடும், ஹேண்ட்லருக்குத் தூங்க எடம் இல்ல. மறைக்கவே முடியாத என்எம்ஐன்னு ஒரு குறுக்கீடு இருக்கு, அது சைலன்ட்டையும் மதிக்காது, அதோட ஹேண்ட்லருக்குள்ள இந்தப் பூட்டத் தொடாம இருக்கிறதுதான் வழி.

இந்த மாட்டிக்கிறதுக்குப் பேரு டெட்லாக். நம்மகிட்ட 'முட்டுக்கட்டை' இருக்கு, தேர் சக்கரத்துக்கு அடியில குடுக்கிற கட்டை. நல்ல சொல்தான், ஆனா முட்டுக்கட்டைய வேற ஒருத்தர் போடுவாரு, இங்க தனக்குத் தானே போட்டுக்கிறது, அதனால 'தன்முட்டு'ன்னு பிரிச்சு சொல்லணும். இன்டரப்ட் அந்த நொடியில வந்தாதான் மாட்டும்றதால டெஸ்ட்ல பல வருஷம் தப்பிச்சிடும். பூட்டுங்களக் கண்காணிக்கிற கருவி ஒண்ணு, இங்கோ மோல்நார் எழுதுன லாக்டெப், 2006ல, 2.6.18 கெர்னல்ல சேந்துச்சு. ஒரு லாக்க எங்கயோ ஹேண்ட்லர்ல புடிச்சத ஒரு தபா பாத்துட்டு, வேற எங்கயோ அதே லாக்க குறுக்கீடு திறந்து இருக்கும்போது புடிச்சா, ரெண்டும் இன்னும் மோதவே இல்லன்னாலும் கத்திடும். இது இல்லாம டிரைவர் (சாதனத்த ஓட்டுற கோடு) எழுதுறது வீம்பு.

கூடவே வர்ற இன்னொரு சொல் செமஃபோர், எத்தன பேரு உள்ள போலாம்னு எண்ணிக் கட்டுப்படுத்துறது. கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா ரயில்வே சிக்னல்ல இருந்து எடுத்தது, அதே ஆளு 1959ல எக்ஸ்1 மெஷினோட இன்டரப்ட் பத்தி டாக்டர் பட்டத்துக்கு எழுதுனவரு. 1856ல தென்னிந்தியாவோட மொத ரயிலு கெளம்புன ராயபுரம் பக்கத்துல இருந்துக்கிட்டு இதுக்குப் புதுசா சொல் தேட வேணாம், 'கைகாட்டி'ன்னு ரயில்வே தமிழ்லயே இருக்கு.

கடைசியா ஒரு சிக்கல். 2024ல வந்த 6.12 கெர்னல்ல ரியல்டைம் கோடு (குறிச்ச நேரத்துக்குள்ள பதில் வந்தே ஆவணும்ன்ற வேலைக்கானது) மெயின்லைன்ல, அதாவது பொதுவான லினக்ஸ் கோடுல, முழுசா சேந்துச்சு. அத ஆன் பண்ணி பில்ட் பண்ணா சாதா ஸ்பின்லாக் சுத்தவே சுத்தாது, தூங்கும், ஐஆர்க்யூ சேவ்னு பேரு இருந்தாலும் குறுக்கீட்ட நிறுத்தாது, ஏன்னா ஹேண்ட்லருங்கள்ல பெரும்பாலானதத் தனித் த்ரெட்டா மாத்திடுறாங்க. நெசமாவே சுத்துறது 'ரா ஸ்பின்லாக்' மட்டும்தான். 'ரா'ன்னா பச்சைன்னு அதப் 'பச்சை சுழல் பூட்டு'ன்னு மொழிபெயர்த்து வெக்காதீங்க, 'மெய்ச்சுழல் பூட்டு'ன்னு போடுங்க.