கன்னத்தில் கைவைத்த பெண்ணும் காதுக்குக் கீழே ஒரு கீறலும்

பழங்காசுகளைப் பார்த்து அசலா போலியா என்று சொல்வது என் தொழில். சென்ற மாதம் ஒருவர் கைக்குட்டையில் முடிந்து இரண்டு பித்தளைக் காசுகளைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் தடித்த கழுத்துடன் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன். மறுபக்கம் ஒரு பேரீச்ச மரம். அதன் அடியில் ஒரு பெண், நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் அதட்டுவார்களே, அப்படிக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். "கரூர் பக்கம் ஆற்றில் ஒன்றாகக் கிடைத்த ஜோடி என்றார்கள்" என்றார்.

அந்தப் பெண்தான் யூதேயா, யூதர்களின் நாட்டுக்குக் கொடுத்த பெண் உருவம். கி.பி. 70இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் எருசலேமை வீழ்த்தினார், கோயில் எரிந்தது. அதைக் கொண்டாடி, 'யூதேயா காப்டா', அதாவது 'யூதேயா பிடிபட்டது' என்ற வாசகத்துடன் காசுகள் அடித்தார்கள். பிடிபட்டது என்பதே கொஞ்சம் மிகைதான். கி.பி. 6 முதல் பெரும்பாலும் ரோம ஆளுநர்களின் கையில் இருந்த நாடு அது. நடந்தது ஒரு கிளர்ச்சியை அடக்கிய வேலை. ஆனால் வெஸ்பாசியன் உள்நாட்டுப் போரில் சக ரோமானியர்களை வென்று அரியணை ஏறியவர். அதைக் காசில் போட்டுப் பெருமை பேச முடியுமா? வெளியே ஒரு வெற்றி தேவைப்பட்டது. சக ரோமானியத் தளபதி ஆண்டனியை வென்று, பின்னாளில் முதல் பேரரசரான ஆக்டேவியனும் இதையேதான் செய்தார்: காசில் ஒரு முதலையைப் போட்டு 'எகிப்து பிடிபட்டது' என்று எழுதினார்.

இப்படிக் கதை சொல்லும் காசுகளுக்குத்தான் இன்று கிராக்கி, அதனால் போலியும் அதிகம்.

அந்தக் காலத்தில் உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். ஒரே அச்சில் அடித்தாலும் விளிம்பு வெடிப்பு காசுக்குக் காசு மாறும். புழக்கத்தில் விழும் கீறல்களும் அப்படித்தான். இந்த இரண்டிலும் வெஸ்பாசியனின் காதுக்குக் கீழே ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில் ஒரு கீறல். விளிம்பு வெடிப்பும் அதே இடத்தில். ஓர் அசலை வைத்து வார்ப்பு அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்த்திருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் குமிழி வெடித்த குழிகள். விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடம். இந்த ரகம் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். இவை 20கூட இல்லை. ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள், தேய்ந்த அசலும் குறையும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். களிம்பு என்று நினைத்த பச்சை பஞ்சோடு வந்துவிட்டது. (வீட்டில் அசல் காசு இருந்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உண்மையான களிம்பு போனால் மதிப்பும் போய்விடும்.)

ஆற்றுக் கதையும் இடித்தது. கரூரில் ரோமானியக் காசுகள் கிடைப்பது உண்மை. ஆனால் அங்கே மிகுதியாகக் கிடைப்பவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகள். இப்படி உள்ளங்கையை நிறைக்கும் பித்தளைக் காசுகள் அல்ல. போகட்டும், உண்மையிலேயே புதையல் என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை.

விற்றவர் அனுப்பிய படங்களைச் செல்போனில் மறுபடி பார்க்கச் சொன்னேன். விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, திரையை என் பக்கம் திருப்பினார். மூன்றாவதாக இன்னொரு காசு விற்பனைக்கு இருந்தது. காதுக்குக் கீழே அதே கீறல்.