பால்கட்டு என்று விட்ட கட்டி

புதுக்குடியிருப்புப் பக்கம் கைக்குழந்தைக்காரியின் மார்பில் பாக்கு அளவில் ஏதாவது தட்டுப்பட்டால், வீட்டில் முதலில் வரும் சொல் ‘பால்கட்டு, ஒத்தடம் குடு’. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இரண்டு கிழமை ஒத்தடம் கொடுத்தும், பிள்ளை குடித்து முடித்த பிறகும் கல்லுப்போல அப்படியே கிடந்தால், நோகாவிட்டாலும் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்; அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மார்பகப் புற்றுநோய் வயது போனவர்களுக்கே கூடுதலாக வருகிறது. கலம் பிரியும்போதெல்லாம் மரபணுவைப் பிரதி எடுக்கிறது. அதில் விழும் சிறு பிழைகள் சேர்ந்து பெருக ஆண்டுகள் பிடிக்கும். 40 வயதுக்கு முன் வருவது குறைவு. வந்தால் அதன் குணமே வேறாக இருக்கக்கூடும்.

மூன்று மாத நெல்லும் நாலரை மாத நெல்லும் ஒன்றாக விளையுமா? கட்டிகளும் அப்படித்தான். வயதான பெண்களில் காணும் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் உள்ளவை. மெதுவாக வளரும். வாங்கி ஒரு பூட்டென்றால், தமொக்சிஃபென் மாத்திரை அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஹோர்மோன் வெளியே நிற்கும். இளம் பெண்களில் அந்தப் பூட்டே இல்லாத, வேகமாகப் பிரியும் வகை கூடுதலாகத் தெரிகிறது. அந்த மாத்திரை அங்கே எடுபடாது, புற்றுக் கலங்களைக் கொல்லும் கீமோ மருந்துதான் முக்கியம். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பழுதோடு பிறந்தவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொரு தொல்லை, இளம் மார்பில் சுரப்பித் திசு அடர்த்தி. மமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மார்கழிப் பனிக்குள் வயலில் நிற்கும் கொக்கைத் தேடுவது மாதிரி. அதனால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்வார்கள்.

அப்போ அம்மம்மாமார் தப்பினார்களா? இல்லை. உயிர்பிழைப்பு குறைவது இரண்டு ஓரத்திலும்: மிக இளையவர்களிலும் மிக மூத்தவர்களிலும். மூத்தவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர், இதய வருத்தம் எல்லாம் கூடவே இருக்கும். முழு மருந்தையும் உடம்பு தாங்காது. அதைவிட, ‘இந்த வயசில எனக்கு என்ன’ என்று சேலைக்குள் மறைத்து வைப்பதை நான் பெரிய காரணமாகப் பார்க்கிறேன். முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு விடியப்புறம் பஸ் ஏறக் கூட ஆளும் வேண்டுமே.

மெதுவான வகைக்கு ஒரு கள்ளக்குணமும் உண்டு: பத்து, பதினைந்து வருடம் கழித்தும் எலும்பில் தலைகாட்டும். குறைந்தது 5 வருடம் தினம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுப்பது அதற்காகத்தான். சுகமாகிவிட்டது என்று இரண்டாம் வருடமே அலுமாரிக்குள் போய்விடுவதும் அதே மாத்திரைதான்.