கேள்வி கேட்டவரின் ரேஷன் அட்டை நமக்கு எதற்கு?

தேர்தல் நேரத்தில் எந்தச் செய்தி டெஸ்க்கிலும் இது நடக்கும். யாரோ ஒருவர் பிரசாரத்துக்கு வந்த தலைவரை வழிமறித்துக் கேள்வி கேட்பார். அல்லது மைக் நீட்டிய சேனலிடம் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். வீடியோ பரவ ஆரம்பித்ததும் டெஸ்க்கிலிருந்து அந்த ஊர் நிருபருக்கு போன் போகும்: "அந்த ஆள் யாரு, எந்தக் கட்சி, பின்னணி என்னன்னு பார்." மாவட்ட நிருபராக இருந்து, பிறகு டெஸ்க்கில் உட்கார்ந்தவன் நான். அந்த போனில்தான் தப்பு ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம். அவர் என்ன கேட்டார் என்பது அதோடு பின்னுக்குப் போய்விடும், அவர் யார் என்பதே செய்தியாகிவிடும்.

புதிதாக வரும் நிருபர்களிடம் இதைப் பேசும்போது அமெரிக்காவில் 2008-இல் நடந்த ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். உள்ளூர் உதாரணம் சொன்னால் உடனே 'அவர் எந்தக் கட்சி' என்ற பேச்சு வந்துவிடும். தூரத்தில் நடந்தது என்றால் நிதானமாகப் பார்க்கலாம்.

அந்த வருடம் அக்டோபர் 12. ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ நகரை ஒட்டிய ஹாலண்ட் என்ற சிற்றூர். அதிபர் தேர்தலுக்கு மூன்று வாரம் சொச்சம்தான் பாக்கி. பராக் ஒபாமா ஒரு தெருவில் வாக்குச் சேகரித்து வருகிறார். வீட்டு வாசலில் மகனோடு பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் போய்க் கேட்கிறார்: "வருஷத்துக்கு 2,50,000 முதல் 2,80,000 டாலர் வரை வருமானம் வரும் ஒரு கம்பெனியை வாங்கப் போகிறேன். உங்கள் திட்டப்படி எனக்கு வரி கூடும், இல்லையா?" ஒபாமா நின்று, சில நிமிடங்கள் விளக்கமாகப் பதில் சொன்னார். செல்வம் பரவலாகப் போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் நல்லது என்கிற மாதிரி அந்தப் பதிலில் ஒரு வரி வந்தது. எதிர்த்தரப்பு அந்த வரியைப் பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் கழித்து, ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் கடைசி விவாதம். ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், கேள்வி கேட்டவரை 'ஜோ தி பிளம்பர்' என்று குறிப்பிட்டுப் பேச, ஒபாமாவும் அதே பெயரைச் சொல்லிப் பதில் கொடுக்க, அந்த ஒரு ராத்திரியில் அந்தப் பெயர் இருபது தடவைக்கு மேல் வந்தது. நாடு முழுக்க டி.வி. பார்த்தவர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். விடிந்ததும் அவர் வாசலில் கேமராக்கள்.

அன்றைக்கே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவருடைய முதல் பெயர் ஜோ இல்லை, சாமுவேல். அவர் பெயரில் பிளம்பர் உரிமம் கிடையாது, முதலாளியின் உரிமத்தில்தான் வேலை பார்க்கிறார். மாநில அரசுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரியில் ஏறக்குறைய 1,200 டாலர் பாக்கி. வாக்காளர் பட்டியலில் அவர் குடும்பப் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கிறது. விவாகரத்து வழக்கின் ஆவணங்களைப் புரட்டிப் பழைய சம்பளம் வரை எடுத்தார்கள்.

சரி, இதில் எது செய்தி, எது செய்தி இல்லை? பயிற்சியில் நான் நேரம் செலவழிப்பது இந்த இடத்தில்தான். கம்பெனி வாங்கப் போகிறேன், வருமானம் இவ்வளவு வரும் என்று அவரே சொன்னார். இரண்டு வேட்பாளர்களும் அந்த எண்ணை வைத்துத்தான் மோதினார்கள். அப்படியானால் அந்த எண் உண்மையா, அந்த வருமானத்துக்கு வரி எவ்வளவு கூடும் என்று பார்ப்பது பத்திரிகையின் வேலை. பார்த்ததில் தெரிந்தது, அப்போதைய வருமானப்படி அவருக்கு அந்தத் திட்டத்தில் வரி குறையத்தான் செய்யும் என்பது. சிறுதொழில் நடத்துகிறவர்களில், வரி கூடும் என்று சொல்லப்பட்ட 2,50,000 டாலர் வரம்பைத் தாண்டுகிறவர்கள் வெகு குறைவு என்ற உண்மையும் அதோடு சேர்ந்தே வந்தது. வாசகனுக்கு வேண்டியது இவ்வளவுதான். வரிப் பாக்கி, பெயரில் எழுத்துப்பிழை, மண வாழ்க்கை எப்படி முறிந்தது என்பதெல்லாம் அந்தக் கேள்வியின் நியாயத்தைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. வரி பாக்கி வைத்திருப்பவனுக்கும் வரித் திட்டத்தைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு.

உரிம விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் அவரை மேடையேற்றினார்கள் என்பதால் ஒரு வரி எழுதலாம் என்று நினைக்கிறேன். தலைப்பாக வைத்தது அதிகம்.

ஆனால் இந்தக் கதையில் என்னை மிகவும் பயமுறுத்துவது பத்திரிகைகள் செய்தது இல்லை. விவாதம் முடிந்த கையோடு, ஒஹையோவின் வேலைவாய்ப்பு மற்றும் குடும்ப நலத் துறையில், அவர் குழந்தைக்கான ஜீவனாம்சம் பாக்கி வைத்திருக்கிறாரா, நலத்திட்ட உதவி வாங்குகிறாரா, வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கினாரா என்று அரசுக் கணினியில் தேடியிருக்கிறார்கள். தேடச் சொன்னது துறைத் தலைவர். திடீரென்று வெளிச்சத்துக்கு வருகிறவர்களைப் பற்றி இப்படிப் பார்ப்பது வழக்கம்தான் என்று விளக்கமும் கொடுத்தார். மாநிலத் தலைமைக் கண்காணிப்பு அதிகாரி விசாரித்து, இந்தத் தேடலுக்கு அலுவல் ரீதியான காரணம் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். துறைத் தலைவர் ஒரு மாதம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யப்பட்டு, டிசம்பரில் பதவி விலகினார். அரசுத் தரவுகளில் தனிமனிதர் விவரங்களை முறையில்லாமல் பார்ப்பதைத் தண்டிக்கும் சட்டம் 2009 ஜனவரியில் கையெழுத்தானது. பாதிக்கப்பட்டவர் போட்ட வழக்கு மட்டும் தோற்றது, 2012-இல் மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை.

அதே மனிதர் பிறகு மெக்கெய்னுக்காகப் பிரசார மேடை ஏறினார். 2012-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். 2023-இல் 49 வயதில் புற்றுநோயால் இறந்தார். வேட்பாளரான பிறகு அவருடைய வரிப் பாக்கியை எழுதுவதில் தவறே இல்லை. வாசலில் பந்து விளையாடிய நாளில் அது தவறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்களில்தான் டெஸ்க்கில் இருப்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமாக எழுந்த ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு நிருபரும் படித்திருக்க வேண்டும். ஒருவருடைய குடும்பம், திருமணம், குழந்தைகள், கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. எழுதுவது உண்மையாக இருந்தாலும் சரி, புகழ்ச்சியாக இருந்தாலும் சரி. இதற்கு விலக்குகளும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. பொது ஆவணத்தில், நீதிமன்ற ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். தானாக வந்து ஒரு சர்ச்சையில் நுழைந்தவரின் நிலை வேறாக இருக்கலாம். பத்திரிகைக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் இந்தக் கடைசி விலக்கைத்தான் பிடித்துக்கொள்வார்கள். தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் ஒரு கேள்வி கேட்பது 'தானாகச் சர்ச்சையில் நுழைவது' ஆகுமா? ஆகாது என்பது என் கருத்து. வாக்காளன் கேட்காமல் வேறு யார் கேட்பது? 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன பிறகு, இந்தப் பக்கம் நிற்பதற்கு இன்னும் பலம் கூடியிருக்கிறது.

தேர்தல் நடத்தை விதிகளையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பொதுவாழ்வோடு சம்பந்தமில்லாத அந்தரங்க வாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. யாருடைய அந்தரங்க வாழ்க்கை? மற்ற கட்சிகளின் தலைவர்கள், தொண்டர்களுடையது. எந்தக் கட்சியிலும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டவருக்கு அந்த வரியில் இடமில்லை. இதைச் சேர்க்கச் சொல்லி ஏதாவது ஒரு பத்திரிகையாளர் சங்கமாவது கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2007-இல், குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விரிவாக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் வாராந்திர வானொலி உரையில் பால்டிமோரைச் சேர்ந்த 12 வயதுப் பையனைப் பேச வைத்தார்கள். கார் விபத்தில் அவனுக்கும் தங்கைக்கும் பலத்த அடி. அந்தத் திட்டத்தில்தான் சிகிச்சை நடந்தது. அடுத்த சில நாட்களில் அந்தக் குடும்பத்தின் வீடு என்ன விலை போகும், சமையலறை மேடை என்ன கல், பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று இணையத்தில் அலச ஆரம்பித்தார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு உதவித்தொகை இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. அலசியவர்களின் மேல் எவ்வளவு கோபமோ, அதே அளவு கோபம் எனக்கு அவனை மைக் முன்னால் உட்கார வைத்தவர்கள் மேலும் உண்டு.

ஒருமுறை பெயர் அடிபட்டால் அது எவ்வளவு காலம் துரத்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2008 ஜூலையில், அணுசக்தி ஒப்பந்தத்தை ஒட்டி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், விதர்பாவின் யவத்மால் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி ராகுல் காந்தி மக்களவையில் பேசினார். தற்கொலை செய்துகொண்ட விவசாயியின் மனைவி அவர். பேசிய வேகத்தில் சேனல்கள் அந்தக் கிராமத்துக்குப் படையெடுத்தன. பதினைந்து வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் போது அமித் ஷா அதே பெயரை எடுத்தார்: அவருக்கு வீடு, மின்சாரம், கேஸ் எல்லாம் கொடுத்தது மோடி அரசு என்று. திரும்பவும் கேமராக்கள். தனக்கு உதவி வந்தது ராகுல் காந்தி பேசியதால்தான் என்று அவர் மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தன் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் யார் தயவில் வந்தது என்று ஒரு மூதாட்டி ஊருக்கே கணக்குச் சொல்கிற நிலைமை.

எங்கள் பக்கத்திலும் ஓர் இடைத்தேர்தலில் அப்படி ஒன்றைக் கிட்டே இருந்து பார்த்தேன். காய்கறிச் சந்தையில் ஒரு யூடியூப் சேனல் 'மக்கள் கருத்து' எடுத்துக்கொண்டிருந்தது. கீரை விற்கும் ஓர் அம்மா, "ரோட்டைப் பாரு தம்பி, மழை வந்தா வண்டிய தள்ள முடியல, ஓட்டுக் கேக்க மட்டும் வர்றாங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. சாயங்காலத்துக்குள் ஒரு தரப்பு அதைத் தங்கள் போஸ்டராக்கியது. மறுநாள் எதிர்த்தரப்பின் வாட்ஸ்அப் குழுக்களில் அவருடைய ரேஷன் அட்டைப் படம், அரசின் மாத உதவித்தொகை வாங்குகிறார் என்ற தகவல், மகன் எந்த அலுவலகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான் என்பது வரை எல்லாம் வந்துவிட்டது. 'தின்ற வீட்டுக்கு ரெண்டகம்' என்று தலைப்பு. எங்கள் நிருபர் ஒருவர் அந்தப் படத்தையே எனக்கு அனுப்பி, "சார், இது நல்ல ஸ்டோரி, எல்லாரும் போடுறாங்க" என்றார். ரோடு எப்படி இருக்கிறது என்று போட்டோ எடுத்து வரச் சொன்னேன். அந்த அம்மா சொன்னது போலவேதான் இருந்தது. அதை மட்டும் போட்டோம். ரேஷன் அட்டை யார் கையிலிருந்து வெளியே போனது என்று எந்த ஊடகமும் தேடவில்லை. அரசிடம் இருக்கும் தகவலை யார், எதற்காக எடுத்தார்கள் என்று ஒஹையோவில் எழுந்த கேள்வி இங்கே எழவே இல்லை. அந்த அம்மா கொஞ்ச நாள் சந்தைக்கு வரவில்லை. மகனின் வேலைக்குப் பங்கம் வந்துவிடும் என்ற பயம்.

அதனால் மைக்கைப் பார்க்கும் எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச மாட்டேன் என்று சொல்லலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேசுவதென்றால் எந்தச் சேனல், நிருபர் பெயர் என்ன என்று முதலில் கேளுங்கள். உங்கள் முழுப் பெயர், தெரு, வேலை செய்யும் இடம், மகன் மகள் விவரம் எதையும் சொல்லக் கட்டாயமில்லை. கண்ணால் பார்த்ததைப் பேசுங்கள். தெரியாத எண்ணைச் சொன்னால் நாளைக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் மேல் பாய்வார்கள். குழந்தையைப் பேச விடாதீர்கள், எவ்வளவு அழகாகப் பேசினாலும். எந்தக் கட்சிக்காரர் வந்து மேடைக்குக் கூப்பிட்டாலும், போட்டோ எடுத்தாலும், அது எங்கே வரும் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பிரச்சினை வந்துவிட்டது என்றால் முதல் வேலை, கோபத்தில் கமென்ட் போடாமல் இருப்பது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிலும் அடுத்த ஸ்கிரீன்ஷாட் ஆகும். அப்புறம், லிங்க், தேதி, நேரம் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் பிடித்து வையுங்கள், ஏனென்றால் அழித்துவிட்டு 'நாங்கள் போடவே இல்லை' என்பார்கள். முகவரி, போன் நம்பர், அட்டை விவரம் பரவினால் சமூக வலைதள நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். மிரட்டல் வந்தால் மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், மனு ரசீது வாங்காமல் வராதீர்கள். ரேஷன் அட்டை போல அரசு அலுவலகத்தில் இருக்க வேண்டிய ஆவணம் வெளியே வந்திருந்தால் கலெக்டரிடமும் ஒரு மனு கொடுங்கள், எங்கிருந்து போனது என்று கேட்டு.

நாளிதழோ வார இதழோ வரம்பு மீறி எழுதியிருந்தால் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். வீடு, குடும்பம், மதம், உடல்நலம் இவையெல்லாம் அந்தரங்கம் என்று அதன் நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. டி.வி.யும் யூடியூப்பும் அதன் வரம்புக்குள் வராது. செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு, எது தவறு என்று குறிப்பிட்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். புகாரோடு அவற்றையும் இணைக்க வேண்டும்.